தேசமில்லாத தேசத்துரோகம்: சான்சிபார் வழக்கும் தான்சானியாவின் அரசமைப்பும்

1997-ன் இறுதியில் தொடங்கி அடுத்த சில மாதங்களுக்குள், தான்சானியாவின் சான்சிபார் தீவுகளில் எதிர்க்கட்சியான குடிமை ஐக்கிய முன்னணியைச் சேர்ந்த பதினெட்டுப் பேர் கைதானார்கள். சான்சிபார் அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சட்டத்தில் அதற்குப் பெயர் தேசத்துரோகம், சுவாஹிலியில் 'உஹைனி'. நிரூபணமானால் தூக்கு. ஜாமீன் கிடையாது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவர்கள் சிறையிலேயே கழித்தார்கள். அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு அவர்களை மனசாட்சிக் கைதிகள் என்று அறிவித்தது.

சதி நடந்ததா இல்லையா என்பதைச் சொல்லும் தீர்ப்பு கடைசி வரை வரவேயில்லை. வழக்கு வேறொரு கேள்வியில் போய் முட்டிக்கொண்டது. தேசத்துரோகம் என்றால் துரோகம் செய்வதற்கு ஒரு தேசம் வேண்டும். சான்சிபார் ஒரு தேசமா?

வழக்கின் தலைப்பு 'சான்சிபார் புரட்சி அரசு எதிர் மச்சானோ காமிஸ் அலியும் பதினேழு பேரும்'. தான்சானியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2000-ம் ஆண்டின் குற்றவியல் விண்ணப்பம் எண் 8. ஒரு நாட்டின் அரசமைப்பு, தனக்குள் பாதி சுயாட்சியோடு இருக்கும் ஒரு பகுதியை எப்படி ஆள்கிறது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடைப்பது அரிது. அரசமைப்பு பேச வேண்டிய இடத்தில் பேசாமல் விட்டதை, ஒரு குற்றவியல் வழக்கு பின்வாசல் வழியாக இழுத்துக்கொண்டு வந்தது.

இரண்டு கையெழுத்துகள்

சான்சிபார் என்றால் உங்குஜா, பெம்பா என்ற இரண்டு பெரிய தீவுகளும் சுற்றியுள்ள குட்டித் தீவுகளும். 1890 முதல் பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த இந்த சுல்தானகம் 1963 டிசம்பர் 10-ல் சுதந்திரம் பெற்றது. ஒரு மாதம்தான். 1964 ஜனவரி 12-ல் புரட்சி வெடித்தது, சுல்தான் தப்பி ஓடினார், அபெய்த் கரூமே அதிபரானார். அதே ஆண்டு ஏப்ரல் 22-ல் கரூமேயும், எதிரே ஆப்பிரிக்க நிலப்பகுதியில் இருந்த தாங்கனீக்காவின் அதிபர் ஜூலியஸ் நைரேரேயும் ஒன்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நான்கே நாளில், ஏப்ரல் 26-ல், இரண்டு நாடுகள் ஒன்றாயின. தான்சானியா என்ற பெயர்கூட அந்த ஆண்டின் கடைசியில்தான் வந்தது. நாடு பிறந்து பல மாதம் கழித்துப் பெயர்சூட்டு விழா.

ஒப்பந்தத்தின் அமைப்பு வழக்கமான கூட்டாட்சி அல்ல. தாங்கனீக்காவின் அரசு கலைந்து ஒன்றிய அரசுக்குள் கரைந்தது. சான்சிபாரின் அரசு அப்படியே நின்றது. ஆக மொத்தம் இரண்டு அரசுகள்: ஒன்றிய அரசு ஒன்றியப் பொறுப்புகளையும் நிலப்பகுதியின் எல்லாப் பொறுப்புகளையும் பார்க்கும், சான்சிபார் அரசு, ஒன்றியத்துக்குக் கொடுத்தது போக மீதியைத் தன் தீவுகளுக்குள் பார்த்துக்கொள்ளும். பெரியவர் சின்னவரை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு என்பது நைரேரே தரப்பின் விளக்கம். தாங்கனீக்கா தன் பெயரைக் கழற்றிவிட்டு ஒன்றியத்தின் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது என்பது சான்சிபாரில் பலரின் வாதம். கோட்டு என்றதும் இன்னொன்று: ஒன்றியம் ஒரு கோட்டு மாதிரி, இறுக்கினால் கழற்றிவிடலாம் என்று கரூமே சொன்னதாகத் தீவில் ஒரு பேச்சு இன்றும் வழங்குகிறது. 1972 ஏப்ரல் 7-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டு இறுகியது அதற்குப் பிறகுதான் என்று நினைப்பவர்கள் அங்கே அதிகம்.

ஒப்பந்தத்தில் ஒன்றியத்துக்கு ஒதுக்கப்பட்டவை பதினொரு விவகாரங்கள். வெளியுறவு, பாதுகாப்பு, காவல்துறை, குடியுரிமை, குடியேற்றம், சுங்கம், வருமான வரி, துறைமுகம், அஞ்சல் போன்றவை. இன்று அரசமைப்பின் முதல் அட்டவணையில் இருப்பவை இருபத்திரண்டு. நாணயம் வந்தது, பெட்ரோலியமும் இயற்கை எரிவாயுவும் வந்தன, உயர்கல்வி வந்தது, தேர்வு வாரியம் வந்தது. 1977-ல் கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் உடைந்து அதன் பொது நீதிமன்றமும் போனபின், 1979-ல் தான்சானியா தனக்கென்று அமைத்த மேல்முறையீட்டு நீதிமன்றமும் பட்டியலில் ஏறியது. 1992-ல் பல கட்சி முறை வந்தபோது அரசியல் கட்சிகளின் பதிவும் சேர்ந்தது. ஒவ்வொரு வரி ஏறும்போதும் தீவின் சமையலறையிலிருந்து ஒரு பாத்திரம் போன மாதிரி. 'கேரோ சா முவுங்கானோ', அதாவது ஒன்றியத்தின் உறுத்தல்கள் என்று ஒரு தொடரே அங்கே அரசியல் பேச்சில் நிலைத்துவிட்டது.

அரசமைப்பு சொல்வதும் சொல்லாததும்

1977-ன் ஒன்றிய அரசமைப்பின் முதல் பிரிவு சுருக்கமானது: தான்சானியா ஒரே அரசு, இறையாண்மை உள்ள ஐக்கியக் குடியரசு. 64-ம் பிரிவு சட்டமியற்றும் அதிகாரத்தைப் பிரிக்கிறது. ஒன்றிய விவகாரத்தில் சான்சிபாரின் பிரதிநிதிகள் சபை சட்டம் போட்டால் அது செல்லாது. ஒன்றிய நாடாளுமன்றம் போடும் சட்டமும், தான்சானியா முழுமைக்கும் பொருந்தும் என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், பொதுவாகத் தீவுக்குள் நுழையாது. 98-ம் பிரிவு இன்னும் கூர்மை. குறிப்பிட்ட சில விஷயங்களைத் திருத்த வேண்டுமானால் நிலப்பகுதி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கும் சான்சிபார் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கும் தனித்தனியாக வேண்டும். 2022 கணக்கெடுப்பின்படி சான்சிபாரின் மக்கள்தொகை சுமார் 18.9 லட்சம், தான்சானியாவின் மொத்தம் 6.17 கோடி. மூன்று சதவீதம் இருப்பவர்களுக்குக் கையில் ஒரு பூட்டு. சிறுபான்மைப் பகுதி ஒன்றுக்கு இவ்வளவு வலுவான பூட்டைத் தரும் அரசமைப்புகள் அதிகம் இல்லை.

சான்சிபாருக்கென்று தனி அரசமைப்பும் உண்டு. 1984-ல் வந்தது. தனி அதிபர், தனிச் சபை, தனி உயர் நீதிமன்றம். உயர் நீதிமன்றம் ஒன்றிய விவகாரம் அல்ல. ஆனால் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றிய விவகாரம். அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் சான்சிபார் அரசமைப்பு ஒரு வேலி போட்டிருக்கிறது: சான்சிபார் அரசமைப்புக்கு விளக்கம் சொல்லும் வழக்குகள், காதி நீதிமன்ற வழக்குகள் அங்கே போகாது.

இத்தனை வேலி, பூட்டு எல்லாம் போட்டவர்கள் ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டார்கள். மீதி அதிகாரத்தை வைத்திருக்கும் சான்சிபார், அந்த மீதியைப் பொறுத்தவரை என்ன? மாகாணமா, அரசா, நாடா? என் கருத்தில் இது மறதியில் விட்டுப்போன வரி அல்ல. 1977 பிப்ரவரியில் நிலப்பகுதியின் கட்சியும் தீவின் கட்சியும் இணைந்து சி.சி.எம். என்ற ஒரே கட்சியானபின், அந்தக் கேள்வி எழும் போதெல்லாம் கட்சி அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தீர்த்துக்கொண்டார்கள். எழுதினால் ஒரு தரப்பு தோற்க வேண்டும். எழுதாமல் விட்டால் இருவரும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவருக்கு நடந்தது

கதவுக்கு வெளியே கேட்க முயன்ற ஒருவர் இருந்தார். கரூமேக்குப் பின் சான்சிபார் அதிபரான அபூத் ஜும்பே.

ஒன்றிய அரசமைப்பின் 126-ம் பிரிவு ஒரு சிறப்பு அரசமைப்பு நீதிமன்றத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒன்றிய அரசுக்கும் சான்சிபார் அரசுக்கும் இடையே அரசமைப்பின் பொருள் பற்றித் தகராறு வந்தால் அதைத் தீர்ப்பது மட்டுமே அதன் வேலை. உறுப்பினர்களில் பாதிப்பேரை ஒன்றிய அரசு நியமிக்கும், பாதிப்பேரை சான்சிபார் அரசு. முடிவெடுக்க இரு பாதிகளிலும் தனித்தனியாக மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கொஞ்சம் யோசித்தால் புரியும்: இரு தரப்பும் ஏற்கெனவே ஒத்துப்போயிருந்தால்தான் இந்த நீதிமன்றத்தால் தீர்ப்பே சொல்ல முடியும். ஒத்துப்போகிறவர்கள் நீதிமன்றத்துக்கு ஏன் வரப்போகிறார்கள்?

அப்படி இருந்தும் ஜும்பே அங்கே போகத் தயாரானார். ஒன்றியம், தாங்கனீக்கா, சான்சிபார் என்று மூன்று அரசுகள் வேண்டும் என்பது அவர் பக்கத்து வாதம். மனு வெளியே வருவதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. 1984 ஜனவரியில் தொதோமாவில் கூடிய கட்சியின் தேசியச் செயற்குழு அவரைச் சுற்றி வளைத்தது. சான்சிபார் அதிபர், ஒன்றியத் துணை அதிபர், கட்சித் துணைத் தலைவர் என அத்தனை பதவியிலிருந்தும் அவர் விலகினார். அவர் இடத்துக்கு வந்த அலி ஹசன் முவின்யி அடுத்த ஆண்டே தான்சானியாவின் அதிபரானார். (அவர் மகன் ஹுசைன் முவின்யி 2020-ல் சான்சிபார் அதிபரானார்.) சிறப்பு அரசமைப்பு நீதிமன்றம் அன்றும் கூடவில்லை, அதன்பிறகும் ஒருமுறைகூடக் கூடவில்லை.

அதே 1984-ல் வந்த சான்சிபார் அரசமைப்பின் முதல் வாக்கியம்: சான்சிபார் தான்சானிய ஐக்கியக் குடியரசின் பிரிக்க முடியாத பகுதி. ஜும்பேக்கு எழுதிய பதில் மாதிரியே இருக்கிறது.

பல கட்சி முறை வந்தபின் கதவைச் சாத்திக்கொள்வது கடினமாயிற்று. 1992 டிசம்பரில் சான்சிபார் தானாகவே இஸ்லாமிய மாநாட்டு அமைப்பில் சேர்ந்தது. வெளியுறவு ஒன்றியத்தின் விவகாரம் என்று நாடாளுமன்றத்தில் கொதிப்பு. 1993 ஆகஸ்டில் சான்சிபார் விலகியது. அந்தச் சூட்டில் ஐம்பத்தைந்து நிலப்பகுதி உறுப்பினர்கள், எங்களுக்கும் தாங்கனீக்கா அரசு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஓய்வில் இருந்த நைரேரேயே இறங்கிவந்து அதை அடக்க வேண்டியிருந்தது. 1995 தேர்தலில் சான்சிபார் அதிபர் பதவிக்குச் சி.சி.எம்.மின் சல்மின் அமூர் 50.2 சதவீதமும், குடிமை ஐக்கிய முன்னணியின் செய்ஃப் ஷரீஃப் ஹமாத் 49.8 சதவீதமும் பெற்றதாக அறிவிப்பு. எதிர்க்கட்சி ஏற்கவில்லை. பதினெட்டுப் பேர் மீதான வழக்கு இந்தக் கசப்பிலிருந்து பிறந்தது.

தீர்ப்பு

மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தர்க்கம் சிக்கலானதல்ல. தேசத்துரோகம் என்பது இறையாண்மைக்கு எதிரான குற்றம். சான்சிபாருக்குத் தனிச் சபை உண்டு, தனி நிர்வாகம் உண்டு, தனி நீதித்துறையும் உண்டு. ஆனால் உள்ளே தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வதால் மட்டும் ஒரு பகுதி இறையாண்மை பெற்றுவிடாது. இறையாண்மை ஐக்கியக் குடியரசிடம் இருக்கிறது. எனவே சான்சிபார் அரசுக்கு எதிராகத் தேசத்துரோகம் என்ற குற்றத்தைச் செய்யவே முடியாது.

2000 நவம்பரில் இந்தத் தீர்ப்பு வந்தது. அதே மாதத்தில் சான்சிபாரின் புதிய அதிபராகப் பதவியேற்ற அமானி கரூமேயின் (அபெய்த் கரூமேயின் மகன்) அரசு வழக்கைத் திரும்பப் பெற்றுப் பதினெட்டுப் பேரையும் விடுவித்தது. எனவே யாருடைய உயிரும் இந்தத் தீர்ப்பை நம்பித் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. தொங்கியது சான்சிபாரின் அந்தஸ்து.

இந்த வழக்கில் என்னை இழுப்பது அதன் தலைகீழ்த்தன்மை. தீவின் சுயாட்சிக்காக அதிகம் குரல்கொடுத்த கட்சி எது? குடிமை ஐக்கிய முன்னணி. ஒன்றியத்தை இம்மி அசைய விடாத கட்சி எது? சி.சி.எம். ஆனால் நீதிமன்றத்தில் சி.சி.எம். நடத்திய சான்சிபார் அரசு, 'எங்களுக்கும் துரோகம் செய்ய முடியும், நாங்களும் ஓர் அரசு' என்று நிற்க வேண்டியிருந்தது. முன்னணியின் ஆட்கள் உயிர் பிழைக்க, 'சான்சிபாருக்கு இறையாண்மை இல்லை' என்பது உறுதியாக வேண்டியிருந்தது. தண்டிக்கும் ஆசையில் அரசு தன் கிரீடத்தை நீதிமன்றத்தில் அடகுவைத்துவிட்டு, மீட்க முடியாமல் திரும்பியது.

தீர்ப்பு சட்டப்படி சரியா? முதல் பிரிவை மட்டும் கையில் வைத்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர இடமில்லை. ஆனால் ஒன்று நெருடுகிறது. இரு அரசுகளுக்கும் நடுவே அரசமைப்பின் பொருள் பற்றிய ஆகப்பெரிய கேள்வி இது. அதற்கென்று எழுதி வைத்த நீதிமன்றம் கூடவேயில்லை. பாதிப்பாதி நியமனமும், இரு பக்க மூன்றில் இரண்டும் இல்லாத, ஒன்றியத்தின் நீதிமன்றம் ஒன்று, ஒரு குற்றவியல் விண்ணப்பத்தின் போக்கில் அதைச் சொல்லிவிட்டது. முடிவு சரியாக இருக்கலாம். அதைச் சொல்ல அது ஏற்ற மேடை அல்ல.

பதில் வந்த விதம்

எட்டு ஆண்டுகள் தீர்ப்பு சட்ட நூலகங்களில் தூங்கியது. 2008-ல் பிரதமர் மிசெங்கோ பிண்டா நாடாளுமன்றத்தில் சான்சிபார் ஒரு நாடு அல்ல என்று சொன்னார். தீவு கொந்தளித்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமே இல்லை. அதிபர் ஜகாயா கிக்வெதே தலையிட்டுத் தணிக்க வேண்டியதாயிற்று.

பிண்டா பயன்படுத்திய சொல் 'ந்சி'. சுவாஹிலியில் அரசைக் குறிக்க 'தோலா' என்று வேறொரு சொல் உண்டு. 'ந்சி' கிட்டத்தட்ட நம் 'நாடு' மாதிரி. செட்டிநாடும் நாடுதான், ஜப்பானும் நாடுதான். சொல்லுகிற இடம்தான் பொருளைத் தீர்மானிக்கும். நீதிமன்றம் 'தோலா' இல்லை என்றது. அதைப் பிண்டா 'ந்சி' இல்லை என்று மொழிபெயர்த்துவிட்டார். இறையாண்மை இல்லை என்ற சட்டவாதத்தைப் பொறுத்துக்கொண்டவர்களால், உங்கள் ஊர் ஒரு நாடே இல்லை என்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2009 நவம்பரில் அமானி கரூமேயும் செய்ஃப் ஷரீஃபும் சமாதானம் ஆனார்கள். 2010 ஜூலை 31-ல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் இரு கட்சிகளின் கூட்டு அரசுக்கு ஆதரவளித்தார்கள். அதைத் தொடர்ந்து சான்சிபார் அரசமைப்புக்குப் பத்தாவது திருத்தம். தான்சானிய ஐக்கியக் குடியரசை உருவாக்கும் இரண்டு நாடுகளில் சான்சிபார் ஒன்று என்ற வாக்கியம் உள்ளே வந்தது. ஒன்றிய அதிபரிடம் ஒன்றிய அரசமைப்பு கொடுத்திருந்த, பகுதிகளையும் மாவட்டங்களையும் பிரிக்கும் அதிகாரத்தைத் தீவின் எல்லைக்குள் சான்சிபார் அதிபருக்குக் கொடுத்தார்கள். முக்கியப் பிரிவுகளைத் திருத்தப் பொதுவாக்கெடுப்பு கட்டாயம் என்றார்கள்.

இரண்டு நாடுகள் என்றால் மற்றொன்று எது? தாங்கனீக்கா. அதற்கு அரசும் இல்லை, அரசமைப்பும் இல்லை, கொடியும் இல்லை. சான்சிபாருக்கு 2005 முதல் தனிக் கொடியும் இருக்கிறது. இல்லாத ஒரு நாட்டோடு தன்னைச் சமமாக வைத்துக்கொண்ட அரசமைப்பு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒன்றிய அரசமைப்போடு மோதும் இந்தத் திருத்தத்தை ஒன்றிய அரசு எந்த நீதிமன்றத்திலும் எதிர்க்கவில்லை. 2011-ல் முழு அரசமைப்பையும் புதிதாக எழுத மறுஆய்வுச் சட்டம் கொண்டுவந்தார்கள். முன்னாள் பிரதமர் ஜோசப் வாரியோபா தலைமையிலான ஆணையம் ஊர் ஊராகப் போய்க் கேட்டு, 2013-ல் மூன்று அரசுகளையும் ஏழே ஏழு ஒன்றிய விவகாரங்களையும் பரிந்துரைத்தது. ஏறக்குறைய ஜும்பே கேட்டதேதான். 2014-ல் கூடிய அரசமைப்பு அவையில் சி.சி.எம். பெரும்பான்மை அதை மறுபடியும் இரண்டு அரசுகளாக்கியது; எதிர்க்கட்சிகள் ஏப்ரலில் வெளியேறின; அக்டோபரில் வரைவு நிறைவேறியது. 2015 ஏப்ரல் 30-ல் நடக்கவிருந்த பொதுவாக்கெடுப்பு வாக்காளர் பதிவு முடியவில்லை என்று தள்ளிப்போனது. நடக்கவே இல்லை.

கோடு எங்கே ஓடுகிறது

எழுதாத வரியின் விலை என்ன என்பதை 2015 அக்டோபர் 25 காட்டியது. அன்று சான்சிபார் வாக்காளர் ஒரே நாளில், ஒரே பயணத்தில் இரண்டு தேர்தல்களுக்கு வாக்களித்தார்: ஒன்றிய அதிபரையும் நாடாளுமன்றத்தையும் தேர்ந்தெடுக்க ஒன்று, சான்சிபார் அதிபரையும் சபையையும் தேர்ந்தெடுக்க ஒன்று. மூன்றாம் நாள் சான்சிபார் தேர்தல் ஆணையத்தின் தலைவர் ஜெச்சா சலிம் ஜெச்சா, சான்சிபார் தேர்தலை ரத்து செய்வதாக அறிவித்தார். அதே வாக்காளர்கள் ஒன்றியத்துக்குப் போட்ட ஓட்டு மட்டும் செல்லும். ஜான் மகுஃபுலி ஒன்றிய அதிபரானார். தீவின் தேர்தல் ஆணையம் சுதந்திரமானது, நான் தலையிட முடியாது என்பது அவர் நிலை. சட்டப்படி அது பிழையில்லை. ஆனால் மறுதேர்தல் நடந்த 2016 மார்ச்சில் தெருவில் நின்ற காவல்துறை ஒன்றியத்தின் காவல்துறை. முன்னணி புறக்கணித்த அந்தத் தேர்தலில் சி.சி.எம்.மின் அலி முகமது ஷெய்ன் 91.4 சதவீதம் பெற்றார். சுயாட்சி யாருக்கு எப்போது வசதியோ அப்போது வேலியாகவும், வேண்டாதபோது வாசலாகவும் இருந்தது.

எண்ணெய் விஷயத்தில் இதே நெளிவு தீவுக்குச் சாதகமாகத் திரும்பியது. பெட்ரோலியம் ஒன்றிய விவகாரம் என்று அட்டவணை சொல்கிறது. ஆனால் 2015-ல் ஒன்றிய நாடாளுமன்றம் போட்ட பெட்ரோலியச் சட்டமே, சான்சிபார் தன் வளத்தைத் தன் அமைப்புகள் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தது. அடுத்த ஆண்டு தீவு தனக்கென எண்ணெய், எரிவாயுச் சட்டம் இயற்றியது. அட்டவணையிலிருந்து அந்த வரியை நீக்க 98-ம் பிரிவின் இரட்டை மூன்றில் இரண்டு வேண்டியிருக்கும். அதற்கு யாரும் மெனக்கெடவில்லை. வரி அங்கேயே இருக்கிறது.

வெளியுலகம் இந்த நெளிவுக்கெல்லாம் காத்திருப்பதில்லை. 2017 மார்ச்சில் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு சான்சிபாரைத் தன் ஐம்பத்தைந்தாவது முழு உறுப்பினராகச் சேர்த்தது. தீவில் கொண்டாட்டம். நான்கு மாதம்தான் நிலைத்தது. ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம்தான் என்று ஜூலையில் உறுப்பினர் பதவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் பதினேழு ஆண்டுகளுக்கு முன் சொன்னதையே கால்பந்துக்காரர்களும் சொன்னார்கள்.

ஒன்றிய அரசமைப்பின் முதல் பிரிவும் சான்சிபார் அரசமைப்பின் 2010 வாக்கியமும் இன்று பக்கத்துப் பக்கத்தில் நடைமுறையில் இருக்கின்றன. எது நிற்கும் என்று கேட்க 126-ம் பிரிவில் ஒரு நீதிமன்றம் இருக்கிறது. அதற்கு இன்னும் ஒரு நீதிபதிகூட நியமிக்கப்படவில்லை.